கோரையை வெல்வது எப்போது?

மணமக்களை வாழ்த்தும்போது பெரியவர்கள், "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி வாழ்க" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அருகம்புல்லின் பிடிவாதத்தை நம் முன்னோர் எவ்வளவு நன்றாகக் கவனித்திருக்கிறார்கள்! அது வெட்டினாலும் தழைக்கும், மிதித்தாலும் நிமிரும், கோடையில் காய்ந்து சருகாகிக் கிடந்தாலும் ஒரு மழை பெய்தால் பச்சை பிடித்துவிடும். குடும்பமும் அப்படி நிலைக்க வேண்டும் என்பதுதான் வாழ்த்தின் பொருள். ஆனால் இதே அருகு ஒரு விவசாயியின் வயலில் வேரூன்றிவிட்டால்? துணைக்குக் கோரையும் வந்து சேர்ந்துகொண்டால்? அந்த விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். வாழ்த்தாக ஒரு சொல்கூட வராது.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. என் சித்தப்பாவுக்குக் கிணற்றடியில் அரை ஏக்கர் நிலம் பல ஆண்டுகளாக உழப்படாமல் கிடந்தது. அருகும் கோரையும் மண்டிய மேய்ச்சல் தரை அது. வீட்டில் மூன்று கறவை மாடுகள். அந்தத் தரையில் குதிரைமசால் போட்டால் ஆண்டு முழுவதும் சத்தான பசுந்தீவனம் கிடைக்குமே என்று எல்லோரும் சொன்னோம். "எப்போது போடப் போகிறீர்கள்?" என்று நாள்தோறும் கேட்டு அவசரப்படுத்தியவர்களில் நானும் ஒருவன்.

ஆடி மாதம் ஒரு நல்ல மழை பெய்தது. ஈரம் காய்வதற்குள் டிராக்டரை அமர்த்தி, ரோட்டவேட்டரால் ஒரே நாளில் நிலத்தைத் தூளாக்கினார் சித்தப்பா. பச்சையெல்லாம் மறைந்து, மண் மாவுபோல் கிடந்தது. அதைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்துபோனோம். பாத்தி கட்டி, நான்கு கிலோ விதையைத் தூவி, நீர் பாய்ச்சினோம். பத்தாம் நாள் போய்ப் பார்த்தால், குதிரைமசாலின் சின்னஞ்சிறு இலைகளுக்கு நடுவே பச்சை ஊசிகள்போல் ஆயிரக்கணக்கில் கோரை நின்றது!

சித்தி, அத்தை, நான் எல்லோரும் உட்கார்ந்து கையால் களை பறித்தோம். பறித்த இடத்தில் அடுத்த வாரமே மறுபடியும் கோரை. நான்கு முறை பறித்தோம். பறிக்கும்போது குதிரைமசால் நாற்றும் சேர்ந்து பிடுங்கப்பட்டது. மூன்றாம் மாதம் அரிவாள் போட்டபோது, கைப்பிடியில் கோரைதான் அதிகம். தை மாதம் நிலத்தை மறுபடியும் உழுதுவிட்டார்கள். விதைக்காசு, உழவுக்கூலி, நான்கு முறை களை பறித்த உழைப்பு எல்லாம் போயிற்று. அந்த ஆண்டு கடைத்தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் ஒரு மாட்டையும் விற்க நேர்ந்தது.

இந்தத் தோல்விக்கு என்ன காரணம்? உழைப்புக் குறைவா? இல்லை. பின்னாளில் தாவரவியல் படித்தபோதுதான் எனக்கு அது புரிந்தது. நாங்கள் தவறான நேரத்தில் போரிட்டோம். பல்லாண்டுக் களைகளுடன் நடத்த வேண்டிய போரைப் பயிர் விதைப்பதற்கு முன்பே நடத்திவிட வேண்டும். அதற்காக ஒரு கோடையையும் ஒரு பருவத்தையும் செலவிட்டாலும் அது வீணல்ல. இதுவே என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் பார்ப்போம்.

மண்ணுக்குள் ஒரு சேமிப்புக் கணக்கு

களைகளில் இரண்டு வகை உண்டு. குப்பைமேனி, சாரணை போன்ற பருவக் களைகள் விதையிலிருந்து முளைக்கும், வளரும், பூக்கும், விதை சிந்தும், மடியும். விதை சிந்துவதற்கு முன்பு பிடுங்கிவிட்டால் அந்தச் செடியின் கதை முடிந்தது. பல்லாண்டுக் களைகளின் கதை வேறு. அவற்றின் உயிர்நிலை மண்ணுக்குள் இருக்கிறது. மேலே தெரியும் இலை, அவை வெளியே நீட்டும் கைதான்.

ஒரு கோரைச் செடியை மண்வெட்டியால் ஆழமாக, மண்ணோடு பெயர்த்து எடுங்கள். மண்ணை மெதுவாக நீரில் கரைத்துவிட்டுப் பாருங்கள். இலைகளுக்குக் கீழே ஒரு சிறு குமிழ். அதிலிருந்து கம்பி போன்ற மெல்லிய தண்டு ஓடும். தண்டின் வழியில் கறுப்பு நிறக் கிழங்கு, அதிலிருந்து மீண்டும் கம்பி, மீண்டும் கிழங்கு. மணிமாலை கோத்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு கிழங்கிலும் மாவுப்பொருள் நிறைந்திருக்கும். பல மொட்டுகளும் இருக்கும். கிழங்குகளில் பெரும்பகுதி மேல்மண்ணின் 15 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கும், சில அதற்கும் கீழே கிடக்கும். கோரை விதையால் பரவுவது மிக அரிது. இந்தக் கிழங்குகள்தாம் அதன் வமிசத்தைக் காப்பாற்றுகின்றன.

இதை ஒரு சேமிப்புக் கணக்காக எண்ணிப் பாருங்கள். இலை சூரிய ஒளியில் உழைத்துச் சர்க்கரை சம்பாதிக்கிறது. செலவு போக மிஞ்சியது புளோயம் குழாய்கள் வழியே கீழே இறங்கிக் கிழங்கில் மாவுப்பொருளாகச் சேர்கிறது. இலையை நாம் பிடுங்கிவிட்டால், கிழங்கு தன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிய இலையை அனுப்புகிறது. புதிய இலை சில வாரங்களில் தன் காலில் நின்று, எடுத்த கடனை அடைத்துவிட்டு, மேலும் சேமிக்கத் தொடங்குகிறது. முளைத்த 3 முதல் 6 வாரங்களுக்குள் கோரை புதிய கிழங்குகளை உண்டாக்கத் தொடங்கிவிடும். சூழல் வசதியாக இருந்தால் ஒரே பருவத்தில் ஒரு கிழங்கு நூற்றை நெருங்கும் அளவுக்குப் பெருக வல்லது.

நாங்கள் மாதம் ஒரு முறை களை பறித்தோமே, அது எப்படிப்பட்ட காரியம் தெரியுமா? சம்பளம் வாங்கி வங்கியில் போட்டுவிட்டு வருகிறவனை வழிமறித்து, காலிப் பையைப் பிடுங்குவது போன்றது!

உழவு எப்படிக் களையை வளர்த்தது?

இன்னொரு வியப்பும் உண்டு. மாலையாகக் கோக்கப்பட்ட கிழங்குகளில் எல்லாம் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. நுனியில் உள்ள கிழங்கு முளைத்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். செடியின் உச்சிக் கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிப்பதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அதே விதிதான் மண்ணுக்குள்ளும் நடக்கிறது. கம்பி அறுந்துவிட்டால் ஒவ்வொரு கிழங்கும் தனிக்குடித்தனம் தொடங்கிவிடும்.

அருகும் இதே போக்குதான். தரைமேல் ஓடுதண்டு, தரைக்குள் மட்டநிலத்தண்டு என்று இரண்டு வகையிலும் பரவும். தண்டின் ஒவ்வொரு கணுவும் ஒரு புதிய செடியாகக்கூடும். பத்துக் கணுக்கள் உள்ள ஒரு தண்டைப் பத்துத் துண்டாக வெட்டி ஈர மண்ணில் போட்டால் என்ன ஆகும்? நம் கையாலேயே பத்து நாற்று நட்டதாக ஆகும்.

இப்போது சித்தப்பாவின் ரோட்டவேட்டரை நினைத்துப் பாருங்கள். மழை ஈரத்தில், ஒரே நாளில், மாலைகளையெல்லாம் அறுத்து, தண்டுகளையெல்லாம் துண்டாக்கி, நிலம் முழுவதும் சீராகப் பரப்பி, மேலே தண்ணீரும் பாய்ச்சினோம். குதிரைமசால் விதைப்பதாக எண்ணிக்கொண்டு கோரையைப் பயிர் செய்தோம்! குறை இயந்திரத்தில் இல்லை. இதே இயந்திரத்தை வேறு நேரத்தில், வேறு முறையில் ஓட்டினால் அது நண்பனாகும். அதைப் பிறகு சொல்கிறேன்.

குதிரைமசால் ஏன் தோற்றது?

குதிரைமசால் வலுவற்ற பயிரா? இல்லவே இல்லை. வேர் பிடித்துவிட்டால் மூன்று நான்கு ஆண்டுகள் நின்று பயன் தரும். ஆணிவேர் ஆழமாக இறங்கும். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனையே உரமாக்கிக்கொள்ளும். புரதச் சத்து மிகுந்தது. முதல் அறுவடைக்குப் பிறகு மாதத்துக்கு ஒரு முறை வெட்டலாம்.

ஆனால் முதல் அறுவடைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த இரண்டு மாதம்தான் அதன் கைக்குழந்தைப் பருவம். ஆயிரம் விதைகளின் எடை ஏறத்தாழ 2 கிராம். அதாவது ஒரு விதையின் எடை 2 மில்லிகிராம். கோரைக் கிழங்கோ அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் எடையுள்ளது. ஒருவன் பையில் நூறு ரூபாய். மற்றவன் பையில் ஒரே ஒரு ரூபாய். இருவரும் ஒரே நாளில் பயணம் புறப்பட்டால் யார் முந்துவார்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். நெல்லோ கடலையோ என்றால் மூன்று நான்கு மாதத்தில் அறுவடையாகிவிடும். பிறகு நிலத்தை உழுது களையை மறுபடியும் ஒரு கை பார்க்கலாம். பல்லாண்டுத் தீவனப் பயிரில் அந்த வாய்ப்பு இல்லை. ஒரு முறை விதைத்துவிட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் கலப்பை உள்ளே நுழைய முடியாது. பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டும் தாக்கும் வழிகள் மிகச் சில. ஆகவே, கலப்பை, வெயில், நிழல் என எல்லா ஆயுதங்களையும் தடையில்லாமல் பயன்படுத்தக்கூடிய ஒரே காலம் விதைப்புக்கு முந்திய காலம்தான். என் கருத்துக்கு அடிப்படையான காரணம் இதுவே.

வெயில், பசி, நிழல்

அந்தக் காலத்தில் என்ன செய்ய வேண்டும்? மூன்று எளிய வழிகள் உண்டு.

முதலாவது வெயில். "சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம்" என்பார்கள் நம் கிராமத்தார். இந்தப் பழமொழியில் தாவரவியல் இருக்கிறது. கிழங்குக்கு மாவுப்பொருள் இருந்தால் மட்டும் போதாது, நீரும் வேண்டும். கடுங்கோடையில், மண் உலர்ந்திருக்கும்போது, சட்டிக் கலப்பையால் கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்டால், கிழங்குகளும் தண்டுகளும் மேலே வந்து நாள்கணக்கில் வெயிலில் வதங்கும். ஓர் அளவுக்குக் கீழே நீர் குறைந்ததும் அவை முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். இரண்டு வாரம் கழித்துக் கொத்துக் கலப்பையால் மறுபடியும் கிளறினால், அடியில் மறைந்திருந்தவை மேலே வரும். அருகுத் தண்டுகளைப் பல்லுக் கலப்பையால் வாரி எடுத்து நிலத்துக்கு வெளியே கொண்டுபோய்விடலாம். ஆனால் ஒரு நிபந்தனை: இடையில் கோடை மழை பெய்துவிட்டால் காய்ந்தது பாதியும் காயாதது பாதியுமாகிவிடும், மறுபடியும் தொடங்க வேண்டும். வெட்டியது காய வேண்டும். காயாவிட்டால் வெட்டியது நட்டதற்குச் சமம். ஆடி மழையில் நாங்கள் செய்த உழவுக்கும் சித்திரை வெயிலில் செய்யும் உழவுக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

இரண்டாவது பசி. வெயிலுக்குத் தப்பிய கிழங்குகள் முதல் மழையில் முளைக்கும். முளைக்கட்டும்! மழை இல்லாவிட்டால் நாமே ஒரு தண்ணீர் விட்டு முளைக்க வைக்கலாம். அவை தம் சேமிப்பைச் செலவிட்டு இலை விடும். அந்த இலை சம்பாதித்துக் கடனை அடைப்பதற்கு முன், அதாவது இரண்டு மூன்று வாரத்துக்குள், மேலாக உழுதுவிட வேண்டும். மறுபடியும் முளைக்கும், மறுபடியும் உழ வேண்டும். இப்படி வரவில்லாமல் செலவு மட்டும் வைத்துக்கொண்டே போனால் எந்தக் கணக்கும் ஒருநாள் தீர்ந்துதான் போகும். ரோட்டவேட்டர் நண்பனாகும் இடமும் இதுதான். துண்டு சிறிதானால் அதன் சேமிப்பும் சிறிது. நாள் தவறாமல் மீண்டும் மீண்டும் ஓட்டினால் விரைவில் ஓய்ந்துபோகும். ஒரே முறை ஓட்டிவிட்டு நிறுத்துவதுதான் ஆபத்து. கடைசி உழவு மட்டும் ஆழமாக இருக்கக் கூடாது. அடியில் உறங்கும் கிழங்குகளை எழுப்பி மேலே கொண்டுவந்துவிடும்.

மூன்றாவது நிழல். கோரையும் அருகும் கொளுத்தும் வெயிலில் மிகத் திறமையாக ஒளிச்சேர்க்கை செய்பவை. அந்தத் திறமைக்கு விலையாக, நிழலில் அவை சோர்ந்துவிடும். ஆகவே குதிரைமசால் போடுவதற்கு முன்பு ஒரு பருவம் தீவனச் சோளம், சணப்பு, தட்டைப்பயறு போன்ற விரைந்து வளரும் பயிரை நெருக்கமாக விதைத்தால், கீழே உள்ள களை ஒளியின்றி மெலியும். கருப்பு பிளாஸ்டிக் தாளைப் பரப்பி மூடினால் என்ன என்று சிலர் கேட்கலாம். பல களைகளுக்கு அது பயன்படும். ஆனால் கோரையின் முளை ஊசி போன்றது. தாளைத் துளைத்துக்கொண்டே வெளியே வந்துவிடும்!

மருந்து அடித்தால் போதாதா?

இவ்வளவு பாடு எதற்கு, களைக்கொல்லி அடித்துவிட்டால் முடிந்ததே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்ல நான் விரும்பவில்லை.

பல்லாண்டுக் களைகளுக்கு உலகெங்கும் பெயர்பெற்ற மருந்து கிளைபோசேட். இதன் களைகொல்லும் தன்மையை 1970இல் ஜான் ஃப்ரான்ஸ் என்ற அமெரிக்க வேதியியலார் கண்டறிந்தார். 1974இல் விற்பனைக்கு வந்தது. இலைமேல் பட்டதும், சர்க்கரை இறங்கும் அதே புளோயம் வழியாக இதுவும் கீழே இறங்குகிறது. தாவரங்கள் சில அமினோ அமிலங்களை உண்டாக்கத் தேவையான ஒரு நொதியை முடக்கிவிடுகிறது. அதனால் இலை மட்டுமன்றிக் கிழங்கும் மடிகிறது.

கவனியுங்கள்: மருந்து சர்க்கரையோடு சேர்ந்துதான் பயணம் செய்கிறது. கோடையில் வாடிக் கிடக்கும் இலையில் தெளித்தால் சர்க்கரை ஓட்டம் இல்லை, மருந்தும் இறங்காது. இப்போதுதான் முளைத்த இளம் இலையில் தெளித்தால், சத்து கிழங்கிலிருந்து மேல்நோக்கி வந்துகொண்டிருக்கும். அப்போதும் மருந்து கீழே போகாது. இலைகள் நன்கு விரிந்து, செடி செழிப்பாக வளர்ந்து, பூக்கத் தொடங்கும் நேரத்தில்தான் அது முழுமையாக வேலை செய்யும். தெளித்த மறுநாளே உழுதால் பாதை அறுந்துவிடும். இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். கலங்கிய தண்ணீரில் கலந்தால் மருந்து களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு செயலிழக்கும். இலையே விடாமல் உறங்கும் கிழங்குக்கோ மருந்து சேர்வதே இல்லை. ஆக, மருந்து அடிப்பவனும் களையின் காலக் கணக்கைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். தெரியாமல் அடித்தால் பணமும் போகும், நஞ்சும் மிஞ்சும்.

இதன் தீங்கு பற்றியும் விஞ்ஞானிகளிடையே விவாதம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் இதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்க பொருள்களின் வரிசையில் சேர்த்தது. அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த முடிவை ஏற்கவில்லை. இந்தியாவில் 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வாயிலாக அன்றி வேறு எவரும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது.

என் எண்ணம் இது: மருந்து கடைசித் துணையாக இருக்கலாம், முதல் நம்பிக்கையாக இருக்கக் கூடாது. சித்திரை வெயில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு நாட்டில், அதைப் பயன்படுத்தாமல் மருந்துக் கடைக்கு ஓடுவது புத்திசாலித்தனம் ஆகாது. மாணவர்களே, உங்கள் வீட்டில் யார் மருந்து தெளித்தாலும், நீங்கள் அதைக் கலக்கவோ தெளிக்கவோ கூடாது. அருகிலும் நிற்கக் கூடாது.

எதிர்ப்பக்கம் சொல்வதும் கேட்போம்

என் கருத்துக்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் வலுவானது இதுதான்: "ஐயா, ஒரு பருவம் முழுவதும் நிலத்தைச் சும்மா போட்டால் மாடு எதைத் தின்னும்? பெரிய பண்ணைக்காரர் காத்திருப்பார். அரை ஏக்கர் வைத்திருப்பவன் காத்திருக்க முடியுமா?" இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. சித்தப்பா அவசரப்பட்டதும் பேராசையால் அல்ல. மூன்று மாடுகளின் பசியால்.

இதற்கு நான் கூறும் விடை: நிலம் முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டாம். பாதியை மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு, பாதியில் மட்டும் வேலையைத் தொடங்கலாம். நிழலுக்காகப் போடும் சோளமும் தட்டைப்பயறும் தீவனம்தானே? களையை மெலிய வைக்கும் அதே பயிர் மாட்டையும் காப்பாற்றும். ஒன்று மட்டும் கவனம் தேவை. இளஞ்சோளத்தில் சயனைடு நச்சு உண்டு. பூத்த பின்பே அறுத்துப் போட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு: "புல்வெளியை ஏன் உழ வேண்டும்? அருகும் மாடு மேயும் புல்தானே?" இதிலும் உண்மை இருக்கிறது. கொங்கு நாட்டில் காங்கேயம் பக்கம் போனால், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் கொறங்காடுகளைப் பார்க்கலாம். அந்த வறண்ட மண்ணில் தலைமுறை தலைமுறையாக மாடுகளை வளர்த்தவை அவை. அப்படிப்பட்ட நல்ல மேய்ச்சல் நிலத்தைக் கலப்பையால் கிழிப்பது தவறு. பாசன வசதி இருந்தும், கோரை மண்டிப் பயனற்றுப்போன நிலத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

கோரையும் முற்றிலும் வீணானதல்ல. அதன் கிழங்கு நாட்டு மருத்துவத்தில் பயன்படுகிறது. ஒரு செடி களையாவது அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஆனால் இந்தச் செடி எங்குதான் நிற்கவில்லை? லெராய் ஹோம் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் உலகின் மிகக் கொடிய களைகளைப் பற்றி 1977இல் ஒரு நூல் வெளியிட்டனர். அந்த வரிசையில் முதலிடம் கோரைக்கு, இரண்டாமிடம் அருகுக்கு! 90க்கும் மேற்பட்ட நாடுகளில், 52 பயிர்களில் கோரை தொல்லை தருவதாக அந்நூல் கூறியது. சித்தப்பாவின் அரை ஏக்கரில் நின்றவர்கள் உலக வீரர்கள் இருவர்!

செய்து பாருங்கள்

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்கலாம். வரப்பிலிருந்து கோரைக் கிழங்குகளைத் தோண்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை: மூன்று நான்கு கிழங்குகள் அறுபடாமல் தொடர்ந்திருக்கும் மாலை ஒன்றை ஒரு தொட்டியில் புதையுங்கள். அதே எண்ணிக்கையுள்ள கிழங்குகளைத் தனித்தனியாக வெட்டி இன்னொரு தொட்டியில் புதையுங்கள். பதினைந்தாம் நாள் இரண்டிலும் முளைகளை எண்ணுங்கள்.

இரண்டாம் சோதனை: நாற்பது கிழங்குகளைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். முதல் பத்தை உடனே நடுங்கள். மற்றவற்றை மொட்டைமாடி வெயிலில் 3 நாள், 7 நாள், 14 நாள் என்று காயவைத்து நடுங்கள். காயவைக்கும் முன்னும் பின்னும் எடை போடுங்கள். எடை குறையக் குறைய முளைப்பு எப்படிக் குறைகிறது என்று வரைபடம் போடுங்கள்.

மூன்றாம் சோதனை: இரண்டு தொட்டிகளில் ஐந்தைந்து கிழங்குகள். ஒன்றில் வாரந்தோறும் இலையைத் தரைமட்டத்தில் வெட்டுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். எட்டு வாரம் கழித்து இரண்டையும் கவிழ்த்துக் கிழங்குகளை எண்ணி எடை போடுங்கள். சேமிப்புக் கணக்கு உங்கள் கண்முன்னே தெரியும்.

முடிந்ததும் எல்லாக் கிழங்குகளையும் தீயிலிட்டுவிடுங்கள். பள்ளித் தோட்டத்தில் கொட்டினால் அடுத்த ஆண்டு மாணவர்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள்!

நமது பாடநூல்களில் ஓடுதண்டுக்கு எடுத்துக்காட்டு அருகு என்று படிக்கிறோம், இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம், மறந்துவிடுகிறோம். வீட்டுக்குப் பின்னால் அதே அருகோடு நம் பெற்றோர் போராடிக்கொண்டிருக்கிறார்கள். பாடநூலில் உள்ள தண்டும் வயலில் உள்ள தண்டும் ஒன்றே என்று நான் ஒன்பதாம் வகுப்பிலேயே உணர்ந்திருந்தால், "சீக்கிரம் விதையுங்கள்" என்று சித்தப்பாவை அவசரப்படுத்தியிருக்க மாட்டேன். "சித்திரை வரை பொறுங்கள்" என்று சொல்லியிருப்பேன்.

சித்தப்பா தோல்வியோடு நின்றுவிடவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, அதே நிலத்தில் பாதியை மட்டும் சித்திரையில் உழுது காயவிட்டார். வாடகை டிராக்டர் உள்ளே வருமுன் அதன் கொத்துகளில் ஒட்டியிருந்த மண்ணையும் அருகுத் தண்டுகளையும் தட்டி எடுக்கச் சொன்னார். மழைக்குப் பின் முளைத்தவற்றை இரண்டு முறை மேலாக உழுதார். சோளம் போட்டார், அறுத்தார். புரட்டாசி முடிவில்தான் குதிரைமசால் விதைத்தார். கோரை அடியோடு ஒழிந்துவிட்டதா? இல்லை, அங்கங்கே நின்றது. வரப்பிலிருந்து எட்டிப் பார்த்தது. ஆனால் அது வரும்போது குதிரைமசால் முழங்கால் உயரம் வளர்ந்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு முறை களை பறித்தோம். அந்தப் பயிர் மூன்று ஆண்டுகள் நின்றது.

களையைக் கண்டதும் "இதை எப்படி ஒழிப்பது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். "எப்போது?" என்று முதலில் கேட்கப் பழகுவோம். இந்தச் சித்திரையில் உங்கள் ஊரில் தீவனம் விதைக்க நினைப்பவர் யாராவது இருந்தால், அவரோடு ஒருநாள் நிலத்துக்குப் போங்கள். ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழம் சதுரத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, அதில் எத்தனை கிழங்குகள் என்று இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். விதைக்கலாமா, பொறுக்கலாமா என்பதற்கு அந்த எண்ணே விடை சொல்லும்.